தொடையில் போட்ட தாளம்

படத்துக்கு இசை எழுதக் கிளம்புகிறவர் முதலில் வாங்கவேண்டியது ஒரு ஸ்டாப்வாட்ச். ஆர்மோனியம் அப்புறம், பியானோ அப்புறம், ரெக்கார்டிங்குக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை அதற்கும் அப்புறம். இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று யாரும் கேட்கவேண்டாம். ஸ்டாப்வாட்ச் இல்லாமல் ஒரு முழுப் படத்துக்கும் பின்னணி இசை எழுதிவிட்டு, வேலையும் போய் வீடும் போய்த் தெருவில் நிற்கும் அளவுக்கு வந்தவள் நான். என் தோளுக்குப் பின்னாலிருந்து இதை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "நாங்கன்னு எழுது, நான்னு ஏன் எழுதுறே?" என்கிறார். சரி, நாங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. அவர் சிங்கப்பூர் செம்பவாங்கில், வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளமான நேவல் பேஸில் ஸ்டோர் கிளார்க். கப்பலுக்குப் போகும் ஆணி, கயிறு, பெயின்ட் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதுவது அவர் வேலை. பேஸுக்குள்ளேயே எங்களுக்கு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, வெளியே பொதுக்குழாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பஜனையில் அவர் ஆர்மோனியம் வாசிப்பார். அந்த வட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: தாளம் தப்பமாட்டார். தொடையில் தட்டிக்கொண்டே பாடுவார். மிருதங்கக்காரர் தடுமாறினால் அந்தத் தொடையைப் பார்த்துத்தான் சரிசெய்துகொள்வார். ஆனால் ஐந்து கோடு போட்டு இசைக்குறி எழுதிய காகிதத்தை நீட்டினால், "என்னம்மா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்பார்.

எனக்கு அந்த எறும்பு தெரியும். என் அப்பா நகரத்தில் ஒரு கான்வென்ட்டில் தோட்டக்காரர். ஜன்னலுக்கு வெளியே நின்று பியானோ பாடத்தை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என்னைக் கன்னியாஸ்திரி ஒருவர் காதைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பியானோ முன்னால் உட்காரவைத்துவிட்டார். எட்டு வருஷம் படித்தேன். கல்யாணமான பிறகு அந்தப் படிப்பு குவார்ட்டர்ஸில் எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

அப்போது சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் மும்முரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வாய்த்த கம்பெனியைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நடிப்பவர்கள் மலாய்க்காரர்கள். முதலாளி சீனர். டைரக்டர் மதராஸிலிருந்து வந்த தமிழர். வாத்தியக்காரர்களில் பாதிப் பேர் கேபரேயில் வாசிக்கும் பிலிப்பினோக்கள், மீதிப் பேர் சீன வயலின்காரர்களும் நம் தபேலாக்காரர் ஒருவரும். டைரக்டர் ஒருநாள் செம்பவாங் கோயில் பஜனைக்கு வந்தவர், இவர் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு படத்துக்கு இரண்டு பாட்டுப் போடச் சொன்னார். இவர் பாடினார், நான் எழுதினேன், அவர்கள் வாசித்தார்கள். பாட்டு நன்றாகவே வந்தது. உடனே டைரக்டர் அடுத்த படத்தின் பின்னணி இசை முழுவதையும் இவரிடம் கொடுத்தார். கொடுத்தபோது சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஒரு நாள்தான் வாத்தியக்காரங்க கிடைப்பாங்க. அந்த ஒரு நாள்ல முடிச்சுக் குடுத்தா, மொதலாளிகிட்டச் சொல்லி உங்களை மாசச் சம்பளத்துக்கு எடுத்துக்கச் சொல்றேன். முடியலைன்னா பழைய ரெக்கார்டுல இருக்கிற இசையை வெட்டி ஒட்டிக்குவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

நியாயமான பேச்சு. இவர் என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் காலை பேஸுக்குப் போய், வேலையை விடுகிறேன் என்று ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வேலையை விட்டால் குவார்ட்டர்ஸையும் விடவேண்டும். மூன்றாம் நாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா, "எப்ப காலி பண்றீங்க? எங்க கொழுந்தன் அந்த வீட்டைக் கேட்டு எழுதிப் போடப்போறாரு" என்றாள்.  குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன். "ஆமா, குடுத்துட்டேன். ராத்திரி வந்து சொல்லலாம்னு..." என்று இழுத்தார். எந்த ராத்திரி? இரண்டு ராத்திரி போயிருந்தது. அன்றோடு நான் அவருடன் பேச்சை நிறுத்தினேன். இசை விஷயம் மட்டும் பேசுவேன். "அந்த இடத்துல புல்லாங்குழலா, வயலினா?" என்று கேட்பேன். "சோறு போடட்டுமா?" என்று கேட்கமாட்டேன், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். பதினேழு நாள் தாங்கியது.

அதற்கு நடுவேதான் கம்பெனியில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். இசை எழுதுகிறவர்களுக்கு இது முக்கியமான நாள். எந்தக் காட்சிக்கு இசை வேண்டும், எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளவேண்டும். நேரத்தை எப்படிக் குறிப்பது? இன்றைக்குத் தெரியும், எடிட்டரிடம் கேட்டால் ஃபிலிம் எத்தனை அடி என்று சொல்லிவிடுவார். நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி, கணக்கு முடிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. டைரக்டரின் உதவியாளர், "வாட்ச் ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டதற்கு இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எதுக்கு? தாளம் இருக்கே" என்றார். எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. மிருதங்கமே அவர் தொடையை நம்பும்போது நான் நம்பாமல் எப்படி?

ஆகவே இருட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். காட்சி தொடங்கியதும் இவர் ஆதி தாளம் போட ஆரம்பிப்பார். எட்டு எண்ணிக்கை முடிந்தால் ஒரு ஆவர்த்தனம். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நோட்டில் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் ஒரு கோடு போடுவேன். திரையை நான் பார்க்கவே இல்லை. சின்ன டார்ச் வெளிச்சத்தில் அவர் தொடையும் என் நோட்டும்தான் எனக்குத் தெரிந்த படம். வீட்டுக்கு வந்து சுவர்க்கடிகாரத்தை வைத்து அளந்தேன். அவர் பாடும்போது ஒரு ஆவர்த்தனத்துக்கு எட்டு நொடி, துளி பிசகில்லை. சண்டைக்காரனைத் துரத்தும் காட்சிக்கு இருபது கோடு, ஆக நூற்று அறுபது நொடி. கடைசிக் காட்சிக்குப் பதினைந்து கோடு, ஆக இரண்டு நிமிஷம். இப்படியே படம் முழுவதையும் கணக்குப் போட்டு முடித்தேன். மனதுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் எழுத உட்கார்ந்தோம். சமையல்கட்டில் அரிசி மூட்டை மேல் பலகை போட்டு அதுதான் மேசை. அவர் மெட்டைப் பாடுவார், எந்த வாத்தியத்துக்கு எதைக் கொடுப்பது என்பது என் பாடு. அந்த நாட்களில் பட்டுத் தெரிந்துகொண்டதில் சிலதை இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

ஆள் பேசுகிற இடத்தில் இசை வாயை மூடவேண்டும். முடியாவிட்டால் பேசுகிறவரின் குரல் இல்லாத இடத்திலாவது இருக்கவேண்டும். கதாநாயகி பேசும்போது மேலே வயலினை இழைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும், கடைசியில் அவள் என்ன சொன்னாள் என்று எவனுக்கும் தெரியாது. கீழே செல்லோவை வைத்தால் அவளும் பிழைப்பாள், செல்லோவும் பிழைக்கும். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் நாம் எழுதுவதைவிட ஒரு படி தாழ்ந்து ஒலிக்கும் வாத்தியங்கள், அதனால் ஒரு படி உயர்த்தி எழுதவேண்டும். இதை நான் முதல் பாட்டிலேயே மறந்துவிட்டு, வயலின்காரர்கள் ஒரு பக்கமும் ட்ரம்பெட்காரர் ஒரு பக்கமுமாக இழுக்க, காது கூசிப் படித்துக்கொண்டேன். ஊதுகிறவர்கள் மூச்சு விடவேண்டும் என்பதும் ஆர்மோனியக்காரருக்குத் தோன்றாது. இவர் ஒரு சுரத்தை நான்கு ஆவர்த்தனத்துக்கு இழுக்கச் சொன்னார். பிலிப்பினோ ட்ரம்பெட்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "டாக் போலே லா மிஸ்ஸி, முடியாது, எனக்கு இருப்பது ஒரே நெஞ்சு" என்று மலாயில் சொல்லி மார்பைத் தட்டிக் காட்டினார். அதிலிருந்து எங்கே மூச்சு விடவேண்டும் என்று பென்சிலால் குறி போட்டுக் கொடுப்பேன். காகிதம் புரட்டும் இடத்தில் வாசிப்பு இருக்கக்கூடாது. எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும். வாத்தியக்காரர்களுக்குப் பத்து மணிக்குக் கோப்பியும் பன்னும் வரவேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தால் முன்னே சொன்ன எல்லாம் வீண்.

ரெக்கார்டிங் நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு நகரத்தில் கம்பெனி கொட்டகைக்குப் போய்விட்டோம். அங்கே வழக்கம் இப்படி: திரையில் காட்சி ஓடும், வாத்தியக்காரர்கள் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள், நடத்துகிறவர் திரையையும் அவர்களையும் பார்த்து நிற்பார், கண்ணாடி அறைக்குள் சவுண்டுக்காரர் பதிவு செய்வார். எங்கள் சவுண்டுக்காரர் ஒரு சீனர், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். பிலிப்பினோக்கள் ஐந்து மணிக்குக் கேபரேக்குக் கிளம்பவேண்டும். ஐந்துக்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது என்று வந்த உடனேயே சொல்லிவிட்டார்கள்.

முதல் மூன்று மணி நேரம் வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி போயிற்று. சந்தைக் காட்சி, தோணிக் காட்சி, கல்யாண ஏற்பாடு, எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டையாக உட்கார்ந்தன. டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கோப்பியும் பன்னும் நேரத்துக்கு வந்தன. பதினேழு நாள் கோபத்தில் ஒரு பாதி எனக்கு இறங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் துரத்தல் காட்சி. கதாநாயகன் படகுத்துறையில் ஒருவனைத் துரத்துகிறான், பிடிக்கிறான், நாலு சாத்து சாத்துகிறான். அடுத்த காட்சியில் கடையில் உட்கார்ந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிடுகிறான். இவர் திரையைப் பார்க்காமல் வாத்தியக்காரர்களையே பார்த்து, நான் காகிதத்தில் குறித்த வேகத்தில் கை காட்டினார். ட்ரம்பெட் முழங்கியது, வயலின்கள் பறந்தன. சண்டை முடிந்தது. எங்கள் இசை முடியவில்லை. கதாநாயகன் நிதானமாக நெத்திலியை எடுத்துச் சோற்றில் வைக்கிறான், ட்ரம்பெட்டோ ஊர் பற்றி எரிவது போல ஊதிக்கொண்டிருக்கிறது. அவன் இரண்டாவது கவளம் போட்டபோதுதான் எங்களுடைய கடைசி முழக்கம் வந்தது. திரையைத் திரும்பிப் பார்த்த தபேலாக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். டைரக்டரின் கால் ஆட்டம் நின்றது.

"என்ன சார் இது? சோறு திங்கிறதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

மறுபடி வாசித்தோம். மறுபடி அதே நெத்திலி. சரி, இது இருக்கட்டும், கடைசிக் காட்சியைப் பார்ப்போம் என்று டைரக்டர் அந்த ரீலைப் போடச் சொன்னார். அதிலோ நேர் மாறு. ஒரு பெண் வீட்டைவிட்டு இறங்கி நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள், எங்கள் இசை முன்னாலேயே முடிந்து மங்களம் பாடிவிட்டது. மீதி அரை நிமிஷம் அவள் சத்தமில்லாமல் நடந்தாள். ப்ரொஜெக்டரின் கடகடப்பு மட்டும் கேட்டது.

 நோட்டை எடுத்துக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருபது பெருக்கல் எட்டு நூற்று அறுபதுதான், உலகத்தில் எங்கே போனாலும் அதுதான். பதினைந்து பெருக்கல் எட்டு நூற்றிருபதுதான். பக்கத்தில் இவர் பேயறைந்த மாதிரி நிற்கிறார். டைரக்டர் உதவியாளரிடம், "அந்த ரெக்கார்டுப் பெட்டியைத் தொறந்து வை" என்றது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான், செம்பவாங் வீடும் இல்லை, இந்த வேலையும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கொழுந்தன் பாய் விரித்துப் படுத்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தத் தொடை ஞாபகம் வந்தது. இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், துரத்தல் காட்சியில் அந்தக் கை எப்படிப் போயிற்று? நான் கோடு போடக் கை வலித்ததே, ஏன்? கண்ணாடி அறைக்குப் போய்ச் சவுண்டுக்காரரிடம் அவருடைய ஸ்டாப்வாட்சைக் கேட்டேன். ஒன்றும் கேட்காமல் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். "துரத்துற ரீலை மட்டும் இசையில்லாம ஓட்டுங்க" என்றேன். இவரை நாற்காலியில் உட்காரவைத்து, "படத்தைப் பாருங்க, தாளம் போடுங்க, வேற எதுவும் வேணாம்" என்றேன்.

கதாநாயகன் ஓடத் தொடங்கினான். இவர் கையும் ஓடத் தொடங்கியது. சப்பாத்தி மாவைத் தட்டுகிற மாதிரி படபடவென்று தட்டுகிறார், கழுத்து முன்னால் நீளுகிறது, "புடி, புடி" என்று உதடு முணுமுணுக்கிறது. வாட்சைப் பார்த்தேன். எட்டு எண்ணிக்கை ஆறே நொடியில் முடிந்தது.

அடப்பாவி மனுஷா! பாடும்போது இமயமலை மாதிரி அசையாத தாளம், சினிமா பார்க்கும்போது கதாநாயகனோடு சேர்ந்து ஓடியிருக்கிறது. அதை நம்பி நான் ஒரு படத்தையே எழுதியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் அடித்துக்கொண்ட கையோடே விஷயம் விளங்கிவிட்டது. கோடுகள் தப்பில்லை. இருபது ஆவர்த்தனம் இருபதுதான். நான் போட்ட எட்டு நொடிதான் தப்பு. இவர் எந்த வேகத்தில் எண்ணினாரோ அதே வேகத்தில் நடத்தினால் சரியாக வந்துவிடும். வாத்தியக்காரர்களிடம் போய், நான் காகிதத்தில் எழுதியிருக்கும் வேகத்தைப் பென்சிலால் அடித்துவிடச் சொன்னேன். "அவர் கையை மட்டும் பாருங்க" என்றேன். இவரிடம், "எங்களை மறந்துடுங்க, படத்தைப் பாருங்க" என்றேன். ட்ரம்பெட்காரர் அந்த வேகத்துக்கு நாக்கு ஓடாது என்றார். உண்மைதான். அவர் பாகத்தில் ஒன்றுவிட்டு ஒன்று சுரத்தை நீக்கிவிட்டு, ஓடும் வேலையை வயலின்களுக்குக் கொடுத்தேன். வேகம் கூடினால் ஊதுகிறவர்களின் பாரத்தைக் குறைக்கவேண்டும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரீல் ஓடியது. கதாநாயகன் நாலாவது சாத்து சாத்தியதும் கடைசி முழக்கம் வந்து விழுந்தது. அடுத்து அமைதி, நெத்திலி, சோறு. டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். ட்ரம்பெட்காரர், "பாகூஸ்!" என்று கத்தினார். பிரமாதம் என்று அர்த்தம். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

நடுவில் இருந்த மற்றக் காட்சிகளையும் முடித்தபோது மணி நாலு. கடைசிக் காட்சி மட்டும்தான் பாக்கி. இதே வைத்தியம்தானே என்று தைரியமாகத் தொடங்கினோம். இசை மறுபடி முன்னாலேயே முடிந்துவிட்டது. இன்னொரு தடவை. அப்போதும் அப்படியே. வாட்சைப் பார்த்தேன், எட்டு எண்ணிக்கைக்கு எட்டு நொடி, கோயில் பஜனைத் தாளம். மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பார்த்தேன். திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மணி நாலே கால். டைரக்டர் என்னைப் பார்த்தார், நான் இவரைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனேன். வெளியே வெயில் காய்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"படத்தைப் பாருங்கன்னா ஏன் தரையைப் பாக்குறீங்க?"

அவர் தொட்டிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு மட்டும் ஏன் அவ்வளவு மெதுவாப் போட்டீங்க? பத்து நொடிக்கு மேல ஆயிருக்கு ஒவ்வொண்ணும். என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் தொட்டியின் குழாயைத் திறந்து மூடினார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "அந்தப் பொம்பளை பானையைத் தூக்கிக்கிட்டுப் படி எறங்குறா இல்ல... எனக்கு உன் மொகம்தான் தெரிஞ்சுது. உன்னையும் வீட்டைவிட்டு நான்தானே எறக்கிவிட்டேன். ஒரு வார்த்தை கேக்காம. கை ஓடலை. இப்ப அதைப் பாக்க முடியலை என்னால."

நான் அந்தக் காட்சியை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் தொடையைப் பார்த்தேன், இன்றைக்கு வாட்சைப் பார்த்தேன். பதினேழு நாளாக இந்த மனிதர் இதை உள்ளே வைத்துக்கொண்டு, நான் வைத்துவிட்டுப் போன தட்டில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.  ஆனாலும் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"உங்களுக்கு அழத் தெரியுது, கேக்கத் தெரியலை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தக் கடுதாசியை நானே எழுதிக் குடுத்திருப்பேன். உங்களைவிட நல்ல இங்கிலீஷ்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா?"

"பின்னே? ஆணிக்கும் கயித்துக்கும் சீட்டு எழுதவா நான் உங்களைக் கட்டிக்கிட்டேன்? பானையைத் தூக்கணும்னா தூக்குறேன். ஆனா ஒரு பக்கம் நீங்க புடிக்கணும். இப்ப உள்ள வாங்க. அவளைப் பாருங்க. அழுகை வந்தா அழுங்க, கை மட்டும் நிக்கக்கூடாது."

உள்ளே போனோம். நாலரை. ட்ரம்பெட்காரருக்கு இந்தக் காட்சியில் வேலை இல்லை, ஆனாலும் தன் பெட்டியை மூடாமல் உட்கார்ந்திருந்தார். வயலின்காரர்களிடம், வில்லை எவ்வளவு மெதுவாக இழுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுக்கத் தயாராக இருக்கச் சொன்னேன். இந்தத் தடவை நான் வாட்சை மூடிவைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

மீனவன் வீடு. கடன்காரனோ யாரோ வாசலில் நிற்கிறான். அந்தப் பெண் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரப்படியில் இறங்குகிறாள். ஒரு படி, நின்று, இன்னொரு படி. மணலில் நடக்கிறாள். இவர் கை எழுந்து விழுந்தது, எழுந்து விழுந்தது, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நடுவில் நான் ஒரு மூச்சு விட்டு எடுக்க இடம் இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை, கை நிற்கவில்லை. சீன வயலின்காரர்கள் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்து வாசித்தார்கள். செல்லோ கீழே ஊர்ந்து வந்தது. தூரத்தில் போய் அந்தப் பெண் பானையை மணலில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வீட்டைப் பார்த்தாள். பானை மணலைத் தொடவும் கடைசி சுரம் அடங்கவும் சரியாக இருந்தது.

 கண்ணாடி அறைக்குள் சவுண்டுக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அப்புறம் வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள், தபேலாக்காரர் விசில் அடித்தார், நான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். அப்பாடா! அந்த ஒரு சொல்லைத் தவிர எனக்கு வேறு எதுவும் வரவில்லை. மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "ஒண்ணாந் தேதிலேருந்து வரச் சொல்லுங்கம்மா. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி, "நீங்களும் வரணும். உங்களை விட்டா இவருக்கு நேரம் தெரியாது" என்றார். ரெக்கார்டுப் பெட்டியை மூடச் சொன்னார். நான் சவுண்டுக்காரரிடம் ஸ்டாப்வாட்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை, என் கையையே மூடி என் பக்கம் தள்ளினார். அதை இன்றைக்கும் வைத்திருக்கிறேன், ஓடுகிறது.

மாதக் கடைசியில் ஒரு காலையில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம், தேக்காவில், கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கண்ணைக் கசக்கினாள், அவள் கொழுந்தன் எங்கள் அலமாரியை லாரியில் ஏற்றிக் கொடுத்தார். தண்ணீர்ப் பானையை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. படி இறங்கும்போது இவர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு பேர் பிடிக்கிற கனமா அது, காலிப் பானை. ஆனாலும் இரண்டு பேரும் பிடித்துத்தான் இறங்கினோம்.

லாரியின் பின்னால் பாய்ச்சுருட்டின் மேல் உட்கார்ந்துகொண்டோம், பானை என் மடியில். செம்பவாங் ரோட்டில் ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. இவர் பாடவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஸ்டாப்வாட்சை எடுத்து, அவருக்குத் தெரியாமல் அழுத்தினேன். எட்டு எண்ணிக்கை ஆறு நொடியில் முடிந்தது. லாரிக்காரர் மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.